மடிக்கணினி எங்கே நின்றது?

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவறிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். "சார், ஆன் பண்ணினா கறுப்பா நிக்குது. இங்கிலீஷ்ல ஏதேதோ வருது" என்றார். திறந்தமூல இயங்குதளம் நிறுவப்பட்ட மடிக்கணினி அது. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள்களே இருந்தன. திரையில் ஏழெட்டு வரிகளும், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும் தெரிந்தன. அவற்றை நான் படிக்கவில்லை. பென் டிரைவைச் செருகி, வன்தட்டை முழுவதும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். முக்கால் மணி நேரத்தில் கணினி பளிச்சென்று எழுந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாணவர் சிறிது நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "சார், நம்ம ஊர் ஏரியைப் பத்தி நான் டைப் பண்ணி வச்சிருந்தேனே, அது எங்க சார்?" என்று கேட்டார். ஏரி, மதகு, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கேட்டு அவர் எழுதி வைத்திருந்த பக்கங்கள் அவை. வேறெங்கும் நகல் இல்லை. என் முகத்தைப் பார்த்தவர், "பரவாயில்ல சார், திரும்பக் கேட்டு எழுதிக்கிறேன்" என்றார்.

அடுத்த ஆண்டு வேறொரு மடிக்கணினியில் அதே அடைப்புக்குறிச் சொல் வந்தது. இந்த முறை நின்று படித்தேன். நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்கு மேலே இருந்த வரியே சொல்லியிருந்தது. அதன்படி ஒரே ஒரு கட்டளையை இட்டேன். ஐந்து நிமிடத்தில் கணினி எழுந்தது. ஒரு கோப்புகூட அழியவில்லை. முதல் மாணவரின் கணினியும் அந்த ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்க வாய்ப்பு மிகுதி என்று அன்றுதான் புரிந்தது.

லினக்ஸ் சார்ந்த இயங்குதளம் உள்ள மடிக்கணினிகள் நம் பள்ளிகளுக்குப் புதியவை அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. உபுண்டுவும் டெபியன் வழிவந்ததே. ஆகவே கீழே சொல்பவை இம்மூன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கணினி ஆசிரியர் இல்லாத பள்ளிகளிலும் பயன்படுத்தும் வகையில் இதை எழுத முயன்றிருக்கிறேன்.

தொடர் ஓட்டமாகப் பாருங்கள்

மின்பொத்தானை அழுத்தியதும் கணினிக்குள் ஒரு தொடர் ஓட்டம் நடக்கிறது. ஒருவர் ஓடி முடித்துக் கோலை அடுத்தவர் கையில் கொடுப்பதுபோல, ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை முடித்து அடுத்த கட்டத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கட்டங்கள் ஐந்து.

1. மின்சாரம் வந்து, நினைவகம், திரை, விசைப்பலகை முதலிய பாகங்கள் சோதிக்கப்படுகின்றன.

2. தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள பயாஸ், அல்லது அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ, எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று தேடுகிறது.

3. அந்தத் தட்டில் உள்ள கிரப் என்னும் தொடக்க நிரல் எழுந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்ற பட்டியலைக் காட்டுகிறது.

4. லினக்ஸின் கருவான கெர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறிய தற்காலிகக் கோப்பு முறைமையும் ஏறி, வன்தட்டைக் கண்டுபிடித்துத் திறக்க உதவுகிறது.

5. சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கி, இறுதியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வருகிறது.

"லேப்டாப் ஓடல" என்பது நோயின் பெயர் ஆகாது. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு வாசிக்க வரவில்லை என்றால், எழுத்து தெரியவில்லையா, எழுத்து தெரிந்தும் கூட்ட வரவில்லையா, அல்லது கண்ணாடி தேவைப்படுகிறதா என்றுதானே பார்ப்போம்? இங்கும் அப்படியே. கோல் யார் கையில் இருக்கும்போது ஓட்டம் நின்றது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். கடைசியாகத் திரையில் தெரிந்தது எதுவோ அதுவே அந்த இடத்தைக் காட்டும். எனவே முதல் வேலை, கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடிப்பது. அதற்குப் பிறகுதான் எதையும் அழுத்த வேண்டும்.

முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது டெபியனின் 'லைவ்' பதிப்பை எழுதி அலமாரியில் வைத்திருங்கள். வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் இயங்குவதுதான் லைவ் பதிப்பு. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பாகப் பென் டிரைவில் நகலெடுத்தால் போதாது. பலர் இடறும் இடம் இது. விண்டோஸ் கணினியில் ரூஃபஸ், எந்தக் கணினியிலும் எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு அதை எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், காலியான ஒன்றைப் பயன்படுத்துக.

பென் டிரைவிலிருந்து தொடங்க, கணினியை ஆன் செய்தவுடன் ஒரு விசையைத் திரும்பத்திரும்பத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான். ஆனால் பல ஏசர் மாடல்களில் எஃப்2 வழியாக அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அந்த வசதியை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பென் டிரைவோ வெளிப்புற வன்தட்டோ காலியாக இருக்கட்டும். மாணவரின் கோப்புகளை மீட்டு வைக்க அது தேவைப்படும்.

முதல் கட்டம்: விளக்கே எரியவில்லை

விளக்கும் எரியவில்லை, விசிறி ஓசையும் இல்லை என்றால் பிரச்சினை இயங்குதளத்தில் இல்லை. வேறொரு நல்ல அடாப்டரைச் செருகிப் பாருங்கள். அது அதே மின்னழுத்தம் கொண்டதாக இருக்க வேண்டும். அப்போதும் பயனில்லை என்றால், அடாப்டரை நீக்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறும். பிறகு அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்க. கோடை விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடந்த கணினிகள் பல, இதனாலேயே எழுந்துவிடும்.

விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால், வகுப்பறைப் புரொஜெக்டருடன் இணைத்துப் பாருங்கள். புரொஜெக்டரில் படம் வந்தால் பழுது திரையில் மட்டுமே. உள்ளே எல்லாம் நலம். எதிலும் படம் இல்லை, 'பீப்' ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால் பெரும்பாலும் நினைவகச் சில்லு தளர்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தினால் சரியாகலாம். பள்ளிக்குச் சொந்தமான கணினியானால் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் அந்தக் கணினியை ஆன் செய்யவே கூடாது. அடிப்பகுதி புடைத்திருப்பது, தொடுதளம் மேலே எழும்பியிருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். லித்தியம் அயனி பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மாணவர்களை அதன் அருகில் விடாதீர்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

இரண்டாம் கட்டம்: தட்டைக் காணவில்லை

'நோ பூட்டபிள் டிவைஸ்', 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்ற வரிகள் வந்தால் பயாஸ் தேடிச் சலித்துவிட்டது என்று பொருள். முதலில், ஏதாவது பென் டிரைவோ நினைவக அட்டையோ செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்க.

அடுத்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி காட்டினால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் தேதியோடு பிற அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். அவற்றில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தொடக்க முறை. 'லெகசி', 'யுஇஎஃப்ஐ' என இரு முறைகள் உண்டு. எந்த முறையில் இயங்குதளம் நிறுவப்பட்டதோ அதே முறையில்தான் அது எழும். மாறியிருந்தால் மற்றொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். எதுவும் அழியாது.

இரண்டாவது, 'செக்யூர் பூட்'. கையொப்பமிடப்பட்ட தொடக்க நிரலை மட்டுமே அனுமதிக்கும் பாதுகாப்பு வசதி இது. டெபியன் 2019-இல் வெளியான 10-ஆம் பதிப்பிலிருந்தே இதனுடன் ஒத்துப்போகிறது. அதற்கு முந்தைய டெபியனோ, அதை அடிப்படையாகக் கொண்ட பழைய பதிப்புகளோ இருந்தால், இந்த வசதியை நிறுத்தினால்தான் எழும்.

மூன்றாவது, சாட்டா முறை. 'ஏஹெச்சிஐ', 'ஐடிஇ', 'ரெய்டு' என்ற சொற்கள் அங்கே இருக்கும். இது மாறியிருந்தால் வன்தட்டு இருந்தும் இயங்குதளத்தின் கண்ணுக்குப் படாமல் போகலாம்.

அமைப்புப் பக்கத்தின் பட்டியலில் வன்தட்டின் பெயரே இல்லை என்றால், அது தளர்ந்திருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். இங்கே மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை.

மூன்றாம் கட்டம்: கிரப் வழி தவறிவிட்டது

'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல் மட்டும் வந்து நின்றால், கிரப்பின் முதல் பகுதி எழுந்துவிட்டது, தன் மற்ற பாகங்கள் இருக்கும் பார்ட்டிஷனை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். "விண்டோஸ்ல இடம் பத்தல, ஏதோ ஒண்ணு பேரில்லாம இருந்துச்சு, டெலீட் பண்ணிட்டேன்" என்று மாணவர் சொல்வார். பேரில்லாமல் தெரிந்த அதுதான் லினக்ஸ் இருந்த பார்ட்டிஷன். அப்படி நடந்திருந்தால் புதிதாக எதையும் அந்தத் தட்டில் எழுதாதீர்கள். 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற மீட்பு மென்பொருளால் அழிந்த பார்ட்டிஷனை மீட்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. மேலே எழுத எழுத அந்த வாய்ப்பு குறையும்.

பார்ட்டிஷன் அழியவில்லை, கிரப் மட்டும் கெட்டுவிட்டது என்றால் அதை மீண்டும் நிறுவினால் போதும். டெபியனின் நிறுவல் பென் டிரைவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் 'ரெஸ்க்யூ மோட்' என்று ஒன்று உண்டு. மொழி, விசைப்பலகை முதலியவற்றைக் கேட்டுவிட்டு, லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு வரும் பட்டியலில் கிரப்பை மீண்டும் நிறுவும் தெரிவு இருக்கும். உபுண்டுவுக்கு 'பூட் ரிப்பேர்' என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. எந்த வழியிலும், லினக்ஸ் நிறுவப்பட்ட அதே முறையில், அதாவது லெகசியா யுஇஎஃப்ஐயா என்று பார்த்து, பென் டிரைவைத் தொடங்க வேண்டும். இதை மறந்தால் எத்தனை முறை நிறுவினாலும் பயனிராது.

சில நேரங்களில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கிரப் பட்டியலே காட்டாமல் கணினி நேராக விண்டோஸுக்குப் போய்விடும். "லினக்ஸ் அழிஞ்சு போச்சு சார்" என்பார்கள். பெரும்பாலும் அழிந்திருக்காது. விண்டோஸை மீண்டும் நிறுவியபோது தொடக்க வரிசையில் அது முன்னால் வந்து நின்றிருக்கும். யுஇஎஃப்ஐ கணினியில் அமைப்புப் பக்கத்தின் தொடக்க வரிசையில் டெபியன் அல்லது உபுண்டு என்ற பெயரை மேலே நகர்த்தினாலே போதும்.

நான்காம் கட்டம்: கெர்னலும் கோப்பு முறைமையும்

பள்ளிகளில் மிகுதியாக வருவது இந்தக் கட்டத்துப் பழுதுதான். காரணம் எளியது. பழைய மடிக்கணினிகளின் பேட்டரி செத்திருக்கும். நேரடி மின்சாரத்தில் ஓடும். மின்தடை வந்த நொடியில் கணினி அப்படியே அணையும். அந்த நேரத்தில் தட்டில் எழுதிக்கொண்டிருந்தவை பாதியில் நிற்கும். பெரும்பாலான நேரங்களில் இயங்குதளமே அடுத்த முறை இதைச் சரிசெய்துகொள்ளும். சரிசெய்ய முடியாதபோது நம்மிடம் கேட்கும்.

அப்படிக் கேட்கும்போது, அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லுடன் கணினி காத்திருக்கும். நான் படிக்காமல் விட்டது இதைத்தான். இங்கே மேலே உள்ள வரிகள் இரண்டு வகையாக இருக்கும்.

முதல் வகையில், 'அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி' என்ற சொற்களும், எஃப்எஸ்சிகே கட்டளையைக் கைமுறையாக இடுமாறு ஓர் அறிவிப்பும் இருக்கும். எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்துகளைச் சிறிய ஆங்கில எழுத்துகளாக அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, திரையில் காட்டப்பட்ட பார்ட்டிஷனின் பெயரைச் சாய்கோடுகள் உட்பட அப்படியே அடித்து என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு பிழையையும் சரிசெய்யலாமா என்று கேட்கும். ஒய் விசையை அழுத்திக்கொண்டே வரலாம். முடிந்ததும் 'ரீபூட்' என்று அடித்து மறுதொடக்கம் செய்க.

இரண்டாம் வகையில், ஒரு நீண்ட அடையாள எண்ணைக் காட்டி, அது இல்லை என்று சொல்லும். இங்கே கோப்பு முறைமை கெடவில்லை, வன்தட்டே கிடைக்கவில்லை. எஃப்எஸ்சிகே இங்கே பயன்படாது. இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பிச் சென்று, சாட்டா முறையையும் வன்தட்டு பொருந்தியிருப்பதையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை வந்தாலோ, திரையில் 'ஐஓ எரர்' என்ற சொற்கள் திரும்பத்திரும்ப வந்தாலோ எஃப்எஸ்சிகே இடாதீர்கள். தட்டே இறக்கும் தறுவாயில் இருக்கிறது. பழுது பார்க்கும் முயற்சி அதன் கடைசி மூச்சை எடுத்துவிடும். முதலில் லைவ் பென் டிரைவால் தொடங்கி, மாணவரின் கோப்புகளை நகலெடுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

தேதி தவறாக இருந்தாலும் சில பழைய பதிப்புகளில் எஃப்எஸ்சிகே தடுமாறும். கடைசியாகப் பயன்படுத்திய நாள் 'எதிர்காலத்தில்' இருப்பதாகச் சொல்லும். அமைப்புப் பக்கத்தில் தேதியைத் திருத்தினாலே போதும். நாணய பேட்டரி தீர்ந்த கணினிகளில் இது அடிக்கடி வரும்.

'கெர்னல் பேனிக்' என்று வந்தால் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். இயங்குதளம் மேம்படுத்தப்படும்போது பாதியில் அணைந்திருக்கும், அல்லது தட்டில் இடம் போதாமல் புதிய கெர்னல் அரைகுறையாக நிறுவப்பட்டிருக்கும். மறுதொடக்கம் செய்து கிரப் பட்டியலைக் காட்டச் செய்க. பட்டியல் தானாக வராவிட்டால் லெகசி கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்தபின் இடத்தைக் காலிசெய்து மேம்படுத்தலை மீண்டும் முடிக்க வேண்டும்.

ஐந்தாம் கட்டம்: வாசல்வரை வந்து நிற்பது

'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று காட்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றால், தொடக்கத்தில் இணைக்க வேண்டிய தட்டுகளின் பட்டியலில் இப்போது இல்லாத ஒன்று இருக்கிறது. முன்பு இணைத்திருந்த இரண்டாவது தட்டு நீக்கப்பட்டிருக்கலாம். எஃப்எஸ்டேப் என்னும் கோப்பில் அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி இட்டால் கணினி அதைப் பொருட்படுத்தாது. வரியை அழிக்க வேண்டாம்.

எல்லாம் ஓடி முடித்துத் திரை மட்டும் கறுப்பாக நின்றால் வரைகலைச் சில்லுடன் ஒத்துப்போகாத சிக்கலாக இருக்கலாம். கிரப் பட்டியலில் லினக்ஸ் மேல் நின்று ஈ விசையை அழுத்துங்கள். வரும் பக்கத்தில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில், ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' என்பதை ஒரே சொல்லாகச் சிறிய ஆங்கில எழுத்துகளில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. தவறாக அடித்தாலும் மறுதொடக்கம் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

கடவுச்சொல்லைச் சரியாகத் தந்தும் அதே திரைக்குத் திரும்பத்திரும்ப வந்தால், கடவுச்சொல்லில் தவறில்லை; தவறாக இருந்தால் அதைச் சொல்லியிருக்கும். பெரும்பாலும் தட்டு நிரம்பியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து தேவையற்ற பெரிய கோப்புகளை நீக்கினால் வழி பிறக்கும். அது கடினமாகத் தோன்றினால் லைவ் பென் டிரைவிலிருந்து தொடங்கி, படங்களையும் காணொலிகளையும் வேறிடத்துக்கு நகர்த்தலாம்.

சுவரில் ஒட்டி வைக்க

விளக்கு இல்லை: அடாப்டர், பேட்டரி.
விளக்கு உண்டு, திரை இல்லை: புரொஜெக்டர் சோதனை, நினைவகம்.
தட்டு இல்லை என்ற செய்தி: பென் டிரைவை எடு, தேதி பார், தொடக்க முறை பார்.
கிரப் ரெஸ்க்யூ: எதையும் எழுதாதே, பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்.
அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ்: மேலே உள்ள வரியைப் படி.
கெர்னல் பேனிக்: பழைய கெர்னலைத் தேர்ந்தெடு.
எமர்ஜென்சி மோட்: இல்லாத தட்டு.
கறுப்புத் திரை: நோமோட்செட்.
எல்லாவற்றுக்கும் முன்: படம் எடு. அழிப்பதற்கு முன்: நகலெடு.

அழித்து நிறுவுவது எப்போது?

மேலே உள்ள எதுவும் பயனளிக்காதபோது புதிதாக நிறுவுவதில் தவறில்லை. அதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. லைவ் பென் டிரைவால் தொடங்கி, 'ஹோம்' என்ற அடைவுக்குள் மாணவரின் பெயரில் இருக்கும் அனைத்தையும் வெளியே நகலெடுப்பது முதல் வேலை. "இதில் உனக்கு வேண்டியது என்னென்ன இருக்கிறது?" என்று மாணவரிடம் கேட்பது இரண்டாவது. அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெளியில் கடைக்குக் கொடுத்தாலும் இதே விதி பொருந்தும். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பது கடைக்காரருக்கு நேரம் மிச்சமாகும் வழி. கோப்புகளை முதலில் எடுத்துத் தரும்படி சொல்லிக் கொடுப்பது நம் பொறுப்பு.

மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்

பதினோராம் வகுப்புக் கணினிப் பாடத்தில் உபுண்டு இருக்கிறது. பாடத்தில் படிப்பதைக் கையால் செய்து பார்க்கப் பழுதான ஒரு கணினியைவிட நல்ல கருவி வேறில்லை. எங்கள் பள்ளியில் மன்ற நேரத்தில் ஆறு மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள்: தேதி, திரையில் கடைசியாகத் தெரிந்தது, செய்தது, விளைந்தது. மூன்றாம் பத்தியை நிரப்புமுன் இரண்டாம் பத்தியை நிரப்ப வேண்டும் என்பது ஒன்றே விதி. திரையில் உள்ள ஆங்கில வரியை எழுத்துக்கூட்டியாவது படித்து எழுத வேண்டியிருப்பதால், ஆங்கில ஆசிரியரும் இந்த மன்றத்தைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

இரண்டாம் நிலை வகுப்பறைகளுக்கு மட்டும் உரியதல்ல இது. தொடக்கப்பள்ளியில் ஒரே ஒரு கணினி இருந்தாலும், அதன் மூடியில் பென் டிரைவ் விசை எது, எந்த முறையில் நிறுவப்பட்டது, எந்தப் பதிப்பு என்ற மூன்று செய்திகளை ஒட்டி வைக்கலாம். அடுத்து வரும் ஆசிரியருக்குப் பேருதவியாக இருக்கும்.

ஏரியைப் பற்றி எழுதிய மாணவர் தாம் சொன்னபடியே மீண்டும் பெரியவர்களிடம் சென்றார். அவர்களில் ஒருவர் அதற்குள் படுத்த படுக்கையாகியிருந்தார். அவர் சொன்ன மதகின் கதை இரண்டாம் முறை பாதிதான் கிடைத்தது. எழுதி முடித்ததும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து என்னிடம் கொண்டு வந்தார். "சார், ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கட்டும்" என்றார். அது இன்றும் என் மேசை இழுப்பறையில், லைவ் பென் டிரைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.